பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள்

பிஎச்டி முடித்தவரிடம் 'கான்வொகேஷனுக்குப் போகிறீர்களா?' என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சலித்துக்கொள்வார்கள். இளங்கலையிலேயே அங்கி மாட்டியாகிவிட்டது, இனி என்ன புதிதாக என்பார்கள். வேலையில் சேர்ந்துவிட்டவருக்கு லீவு கிடைக்காது. பட்டம்தான் தபாலில் வந்துவிடுமே என்பது அடுத்த வாதம். வந்துவிடும், உண்மைதான். மேடை ஏறியவருக்கும் ஏறாதவருக்கும் அதே பட்டம்தான். இன்னும் சொல்லப்போனால், மேடையில் தருகிற அட்டைக்குள் பல இடங்களில் சான்றிதழே இருக்காது.

அப்படியும் போங்கள் என்றுதான் சொல்வேன். அதிலும் ஆராய்ச்சிப் பட்டம் வாங்குகிறவர்கள் முடிந்தவரை தவறவிடக்கூடாது.

இளங்கலைக்கு முடிவு என்று ஒன்று தானாக வந்துவிடும். கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வகுப்பே சேர்ந்து வெளியே வருகிறது. ஆராய்ச்சி அப்படி முடிவதில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பித்தால் முடிந்ததா? வைவா எனும் வாய்மொழித் தேர்வு இருக்கிறது. வைவா நன்றாகப் போனால்? தேர்வாளர் கேட்ட திருத்தங்கள் இருக்கின்றன. அதையும் செய்து கோப்பை ஏற்றினால், பக்கத்தின் இடது ஓரம் போதவில்லை என்று அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்புவார்கள். எல்லாம் ஓய்ந்தபின் ஒரு மதியம், 'ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி மின்னஞ்சல். எனக்கு அது வந்தபோது அறையில் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. என்னோடு சேர்ந்தவர்களில் ஒருவர் முந்தைய வருடமே முடித்து வேறு ஊருக்குப் போயிருந்தார். இன்னொருவர் நாலாவது அத்தியாயத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு தேதியில், தனித்தனியாக முடிகிற படிப்பு இது. முடித்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நிற்பது விழா நாளில் மட்டும்தான். நான் போகச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

பெற்றோருக்காகப் போகிறேன் என்று சொல்கிறவர்கள் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் தனக்காகப் போவதில் என்ன கூச்சம் என்று எனக்குப் புரிவதில்லை.

அப்புறம் அந்த உடை. கேலி செய்யாதவர் கிடையாது. ஐரோப்பாவில் இடைக்காலத்து மதகுருமாரும் அறிஞர்களும் அணிந்த நீண்ட அங்கியின் வாரிசு அது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 1895-இல் இதற்கென்று ஒரு பொது விதியே வகுத்துக்கொண்டன. அதன்படி முனைவர் அங்கியின் ஒவ்வொரு கையிலும் மூன்று வெல்வெட் பட்டைகள். கழுத்தில் மாட்டி முதுகில் தொங்கும் துணியான ஹூட், இளங்கலைக்கு 3 அடி, முதுகலைக்கு மூன்றரை, முனைவருக்கு 4. நீளம் கூடக் கூட அதன் கனம் பின்னால் இழுத்து, முன்கழுத்தை அழுத்தும். படம் எடுத்துப் பார்த்தால் பாதிப் பேர் மூச்சுத் திணறுவது போலத் தெரிவார்கள். முன்னால் ஒரு சிறிய கயிற்று வளையம் இருக்கும். அதைச் சட்டைப் பொத்தானில் மாட்டிவிட்டால் ஹூட் நிற்கும். பொத்தான் இல்லாத உடை போடுகிறவர்கள் கையில் இரண்டு ஊக்கு வைத்துக்கொள்ளுங்கள், யாரும் சொல்லித் தரமாட்டார்கள்.

சில இடங்களில் ஹூடை ஆய்வுக்கு வழிகாட்டிய நெறியாளரே மாட்டிவிடுவார். எங்கள் விழாவில் அப்படித்தான். வருடக்கணக்கில் என் காற்புள்ளிகளைக்கூட விடாமல் திருத்தியவர், மேடையில் ஹூடைத் திருப்பிப் போட்டுவிட்டார். பின்னால் நின்ற ஊழியர் ஓடிவந்து நேராக்கினார். என் நெறியாளர் ஒரு தவறு செய்து நான் பார்த்தது அன்றுதான். இருவரும் சிரித்தோம், அதற்குள் அடுத்த பெயரை அழைத்துவிட்டார்கள்.

விழா சலிப்பாக இருக்குமா? இருக்கும். உரைகள் நீளும், முன்பின் தெரியாத பெயர்களுக்குக் கை வலிக்கத் தட்டவேண்டியிருக்கும். பெயரை எப்படி உச்சரிப்பது என்று சீட்டில் எழுதித் தரச் சொன்னால் பெரிய எழுத்தில் அசை பிரித்து எழுதுங்கள். அப்படியும் உச்சரிப்பு கொஞ்சம் சிதையும், பரவாயில்லை.

போக முடியாதவர்கள் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. விசா, பயணச் செலவு, கைக்குழந்தை, நெறியாளரின் முகத்திலேயே விழிக்கப் பிடிக்காத நிலைமை என்று எத்தனையோ நியாயமான காரணங்கள் உண்டு. எனக்குக் கோபமெல்லாம் பல்கலைக்கழகங்கள் மீதுதான். இத்தனை வருடம் கட்டிய கட்டணம் போதாதென்று, விழாவுக்குப் பதிவுக் கட்டணம், அங்கிக்கு வாடகை, கூட வருகிறவர்களுக்கு இரண்டே இரண்டு சீட்டு. கூப்பிடுகிறவர்களே செலவையும் பார்த்துக்கொண்டால், வராதவர் எண்ணிக்கை பாதியாவது குறையும்.