ஓப்பன் சோர்ஸுக்கு ஜாவா சான்று கிடைக்காதா?

"ஓப்பன் சோர்ஸ் வெப் சர்வர்களுக்கு ஜாவா இணக்கச் சான்று தரவே மாட்டார்கள், பணம் கட்டும் கம்பெனிகளுக்கு மட்டும்தான்" என்று ஒரு வாட்ஸ்அப் பதிவு சுற்றுகிறது. இணக்கச் சான்று என்பது, ஒரு மென்பொருள் ஜாவாவின் விதிகளுக்கு ஒத்துப்போகிறது என்று சோதித்துத் தருவது. பதிவு சொல்வது தவறு.

அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் அமைப்பின் ஜெரோனிமோ சர்வர், 2005-லேயே ஜே2இஇ 1.4 (சர்வர்களுக்கான அன்றைய ஜாவா விதித்தொகுப்பு) சோதனையைத் தாண்டியது. 2011-ல் அதே அமைப்பின் டாமிஇஇ சர்வர், ஜே2இஇ-யின் பிந்தைய வடிவமான ஜாவா இஇ 6-இன் வெப் ப்ரொஃபைலுக்கு (வலைச் செயலிகளுக்கான சிறு தொகுப்பு) சான்று பெற்றது.

புரளிக்கு ஒரு வேர் உண்டு. அப்பாச்சியின் ஹார்மனி திட்டம் கேட்ட சோதனைத் தொகுப்பை, பயன்பாட்டுக் கட்டுப்பாடு போடாமல் தர, ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனம் மறுத்தது. 2007-ல் அப்பாச்சி பகிரங்கக் கடிதமே எழுதியது. ஆனால் ஹார்மனி, ஜாவா எஸ்இ-யின் (ஜாவாவின் அடிப்படைப் பதிப்பு) மாற்று. வெப் சர்வர் அல்ல. பதிவு எழுதியவர் இரண்டையும் குழப்பிவிட்டார்.

இன்று ஜகார்த்தா இஇ-யின் (ஜாவா இஇ-யின் இன்றைய பெயர்; எக்லிப்ஸ் அமைப்பு நடத்துகிறது) சோதனைத் தொகுப்பை எவரும் இறக்கி ஓட்டலாம். எந்தத் தொகுப்பு, அதன் ஷா-256 கைரேகை (கோப்பை அடையாளம் காட்டும் குறியீடு), எந்த ஜாவா, எந்த இயங்குதளம், முடிவு என்ன என்று எழுதி, முடிவுகளைப் பொதுவில் வைத்து, எக்லிப்ஸின் இஷ்யூ பக்கத்தில் (கோரிக்கைகளைப் பதியும் இடம்) விண்ணப்பிக்க வேண்டும். கட்டாயச் சோதனை ஒன்றில் தோற்றாலும் சான்று இல்லை (கஷ்டம் உண்மையில் இங்கேதான்). லோகோ போட்டுக்கொள்ளத்தான் தனி ஒப்பந்தம்.