லவிங் கவுண்டியின் வருமானம்: பரவும் தகவல் சரியா?

“அமெரிக்காவில் ஒவ்வொரு கவுண்டியின் இடைநிலைக் குடும்ப வருமானமும் ஆண்டுதோறும் வீடு வீடாகக் கேட்டு எடுத்த துல்லியக் கணக்கு” என்று ஒரு பதிவு சுற்றுகிறது. (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி; இடைநிலை வருமானம் என்பது குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வருவது.) தவறு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வருமானக் கேள்வியே கிடையாது.

எண்கள் வருவது, சில வீடுகளை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்கும் மாதிரிக் கணக்கெடுப்பிலிருந்து; ஆண்டுக்குச் சுமார் 35 லட்சம் முகவரிகள். 65,000 பேருக்குக் குறைந்த கவுண்டிக்கு வழக்கமான ஓராண்டு மதிப்பீடு வராது, ஐந்தாண்டுத் தரவைச் சேர்த்துத்தான் தருவார்கள். டெக்சஸின் லவிங் கவுண்டியில் 2020இல் இருந்ததே 64 பேர். அங்கே நாலு வீடு பதில் மாறினாலே இடைநிலை எகிறும்! அதனால்தான் பிழை வரம்பையும், அதாவது எண் எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதையும், சேர்த்தே வெளியிடுகிறார்கள். பதிவில் அதைக் காணோம்.

சரி, சின்னக் கவுண்டிகளுக்கு ஆண்டு எண்ணே இல்லையா? உண்டு. வருமான வரிப் பதிவுகளையும் உணவு உதவித் திட்டத் தரவையும் மாதிரிக் கணக்கெடுப்போடு கலந்து, புள்ளியியல் முறையில் கணிக்கிறார்கள். அதுவும் மதிப்பீடுதான்.