லேசான நடைன்னு போட்டிருக்கு, ஆச்சி

ஆச்சி: எய்யா, எய்யா! அந்தக் குச்சிய எடுங்க. வலையில ஊனிக்கிட்டு நிக்கிய.

தம்பி: வலையா? நான் பாதைன்னுல்லா நெனச்சேன்.

ஆச்சி: நீலக் கலர்ல, கண்ணு கண்ணா ஓட்டை வச்சி எந்த ஊர்லய்யா பாதை போட்டிருக்கான்?

தம்பி: இல்ல ஆச்சி, போன்ல புள்ளி புள்ளியா கோடு காட்டுது. மணப்பாட்டுல பஸ்ஸ விட்டு இறங்கி, படகு நிக்கிற துறை வழியா வந்து, மணல் மேடு ஏறி, திருச்சிலுவைக் கோயில், லைட் ஹவுஸ். ‘லேசான நடை’ன்னு போட்டிருக்கு.

ஆச்சி: கோடு போட்டவன் வந்த அன்னைக்கு இந்த வலை கடலுக்குள்ள கெடந்திருக்கும். இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, கரையில கெடக்கு.

(இந்தத் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் கத்தோலிக்க மீனவர் ஊர்களில் ஞாயிறன்று கடலுக்குப் போகிற வழக்கம் இல்லை. பூசை முடிந்ததும் வலையை மணலில் விரித்துப் போட்டுக் கிழிசல் பொத்துவார்கள். நடக்க வருகிற ஆட்களுக்கும் அதே கிழமைதான் லீவு.)

தம்பி: அப்ப இன்னைக்கு மீன் ஏலம்?

ஆச்சி: நாளைக்கு.

தம்பி: ஏலம் பாக்கத்தானே விடியாத நேரத்துல பாளையங்கோட்டையில இருந்து கெளம்பி வந்தேன்!

ஆச்சி: ஏன், பாளையங்கோட்டையில ஞாயித்துக்கிழமை வாறதில்லையா?

தம்பி: ஒரு ஓட்டைதானே ஆச்சி விழுந்திருக்கு. அதுக்குப் போயி...

ஆச்சி: ஒரு கண்ணு அறுந்தா அதோட பாரம் பக்கத்துக் கண்ணுல ஏறும். அதுவும் அறும். நாளைக்குச் சாளை மீனு முட்டுச்சின்னா இந்த வழியா ஊர்வலமால்லா போவும். அறுந்த எடத்த வெட்டிச் சுத்தம் பண்ணி, வலை ஊசியில நூல் கோத்து, பழைய கண்ணு அளவுக்கே முடிச்சுப் போடணும். அளவு தப்புனா அந்த எடம் சுருங்கிக்கிட்டு நிக்கும். குச்சி குத்த ஒரு செகண்டு. பொத்துதவனுக்குத்தான் கழுத்து போவுது.

தம்பி: சரி சரி, நான் பின்னால போயிருதேன்.

ஆச்சி: பின்னால போவாதிய! நெத்திலி!

தம்பி: ஐயோ.

ஆச்சி: மிதிச்சாச்சா?

தம்பி: ரெண்டு எட்டுத்தான் ஆச்சி.

ஆச்சி: நாலு கிலோ பச்சை நெத்திலி காஞ்சா ஒரு கிலோ தேறும். தார்ப்பாய் விரிச்சி, வெயில் ஏற ஏறப் பெரட்டிப் போட்டு, நேத்துல இருந்து காக்கா வெரட்டிக்கிட்டு இருக்கேன். காக்கா தூக்கிட்டுப் போனாலும் ஒண்ணு ரெண்டுதான் போவும். மண்ணு ஒட்டுன நெத்திலிய யாவாரி கையால தொடமாட்டான், கோழித் தீவனத்துக்குன்னு கேப்பான்.

தம்பி: எங்கதான் கால் வைக்கிறது?

ஆச்சி: தண்ணி ஓரமாப் போங்க. அலை நனைச்சிட்டுப் போற மண்ணு கெட்டியாக் கெடக்கும், நடந்தா தடந்தான் விழும், கால் புதையாது. அதுக்கு நாலடி மேல வந்தியன்னா கணுக்கால் வரைக்கும் உள்ள போவும். வலையும் கருவாடும் காய்ஞ்ச மண்ணுலதான் கெடக்கும். நனைஞ்ச மண்ணுல எங்களுக்கு ஒரு சோலியும் கெடையாது, அத முழுசா எடுத்துக்கிடுங்க.

தம்பி: சூ நனைஞ்சிருமே.

ஆச்சி: கழத்துங்க.

தம்பி: மலை ஏறுறதுக்குன்னு வாங்குன சூ ஆச்சி. நாலாயிரம் ரூவா.

ஆச்சி: அப்ப கழத்திக் கையில பத்திரமா வச்சிக்கிடுங்க. வார் செருப்பு போட்டு வந்தவுகளும் இந்த மண்ணுல வார் அறுந்து, ஒத்தைச் செருப்போடதான் திரும்புதாவ. வெறுங்காலுன்னா ஒன்பது மணிக்குள்ள நடந்து முடிச்சிரணும். அதுக்குப் பொறவு காய்ஞ்ச மண்ணுல கால வச்சா தோல் உரிஞ்சிரும்.

தம்பி: லேசான நடைன்னு போட்டிருக்கு, ஆச்சி.

ஆச்சி: யாருக்குன்னு போட்டிருக்கா?

தம்பி: ...வயசு வித்தியாசம் இல்லாம எல்லாருக்கும்னு போட்டிருக்கு.

ஆச்சி: ஆடி மாசம் வரச் சொல்லுங்க அந்த எல்லாரையும். கச்சான் காத்து மண்ண வாரி மூஞ்சியில எறியும். கண்ணத் தொறக்க முடியாது, போனு எங்கிட்டுப் பாக்குறது? தை, மாசின்னா காலம்பற நல்லா நடக்கலாம். நீங்க சரியான மாசந்தான் வந்திருக்கிய. கெழமதான் தப்பு.

தம்பி: வேலை நாள்ல வந்தா இன்னும் லேசா இருக்குமோ?

ஆச்சி: வேலை நாள்ல கயிறு கெடக்கும். டிராக்டர் வச்சி படகக் கரைக்கு மேல இழுக்கையில கயிறு விண்ணுன்னு நிக்கும், முழங்கால் ஒயரத்துல. தாண்டவும் கூடாது, பக்கத்துல நிக்கவும் கூடாது. அறுந்துச்சோ, கால வாங்கிரும். கயிறு தொய்ஞ்சி தரையில கெடக்குற வரைக்கும் நின்னுட்டுத்தான் போவணும்.

தம்பி: சரி, மணல் மேட்டுக்காவது வருவோம். நேரா ஏறலாம்லா?

ஆச்சி: காத்து எந்தப் பக்கம் இருந்து தள்ளுச்சோ அந்தப் பக்கம் சரிவாக் கெடக்கும், மண்ணும் இறுகியிருக்கும். அதுல சாய்ஞ்சாப்ல ஏறுங்க. மத்தப் பக்கம் மண்ணு சும்மா சாத்தி வச்ச மாதிரி நிக்கும். ஒரு எட்டு ஏறுனா முக்கா எட்டு கீழ வருவிய.

தம்பி: இந்தச் செவப்பு மண்ணு மேடு எங்க ஆச்சி இருக்கு? போட்டோவுல பாத்தேன்.

ஆச்சி: அது தேரி. குதிரைமொழித் தேரி, கடல விட்டு உள்ள தள்ளி இருக்கு. இங்க வந்து செவப்பு மண்ணு கேட்டா எங்க போறது, சாயமா முக்க முடியும்?

(தேரி மணலில் ஒவ்வொரு பொடிக்கும் மேலே இரும்புத் துரு படிந்திருக்கிறது, நிறம் அதனால் வந்தது. மணப்பாட்டு மேடு கடல் மணல். படம் எடுக்கிறவர்கள் ரெண்டையும் ஒரே தலைப்பில் போட்டுவிட, கேள்வி ஆச்சிக்கு வருகிறது.)

ஆச்சி: மேட்டுல பச்சையாப் படர்ந்திருக்கும், அது அடும்பங்கொடி. ஊதாப் பூ பூக்கும். அத மிதிக்காதிய. உருண்டையா, ஊசி ஊசியா நிக்கிறது ராவணன் மீசை. அத நீங்களே மிதிக்கமாட்டிய.

தம்பி: கொடிதானே, மிதிச்சா என்ன?

ஆச்சி: அந்தக் கொடிதான் மேட்டப் புடிச்சி வச்சிருக்கு. பத்துப் பேரு ஒரே எடத்துல ஏறுனா கொடி செத்துப் போவும். வெறும் மண்ணு தெரிஞ்ச எடத்துல காத்து பூந்து குழி பறிக்கும். பறிச்ச மண்ணு எங்க வரும்? என் சோத்துப் பானைக்குத்தான். அப்பொறம் ‘கடற்கரை வீட்டுல சாப்பாடு, ஆனா மண்ணா இருந்துச்சி’ன்னு அதையும் போன்ல எழுதுவிய.

தம்பி: கோயிலுக்கு வேற வழி இல்லையா ஆச்சி?

ஆச்சி: ரோடு போவுதே.

தம்பி: ரோடா?

ஆச்சி: கார் போற ரோடு. கோயில் கட்டுனது 1581-ல. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு அம்புட்டு சனம் ஏறுது, புள்ளையக் கையில தூக்கிட்டு ஏறுதாவ. ஒருத்தரும் என்கிட்ட வந்து லேசா கஷ்டமான்னு கேட்டதில்ல.

தம்பி: ரோட்டுல போனா அது டிரெக்கிங்கே இல்லையே ஆச்சி.

ஆச்சி: எங்க வலை மேல போனாத்தான் டிரெக்கிங்கோ?

(தம்பி இந்த இடத்தில் தண்ணீர் குடித்தார். காலி போத்தலை மணலில் செருகப் போனவர், ஆச்சியின் பார்வையைப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.)

தம்பி: கோயில் பாத்துட்டு அப்படியே கரையோரமா குலசேகரன்பட்டினத்துக்கு நடந்துரலாம்னு இருக்கேன். கோடு நேரா போவுது.

ஆச்சி: கோடு போவும். கருமேனியாறு நடுவுல கெடக்கே, அத என்ன செய்வியளாம்?

தம்பி: ஆறா? இதுல மணலாத்தானே காட்டுது.

ஆச்சி: சித்திரை, வைகாசியில எடுத்த படமா இருக்கும். அப்ப ஆத்து வாயக் கடல் மண்ணு போட்டு அடைச்சிரும், அக்கரைக்கு ஆடே நடந்து போவும். ஐப்பசி, கார்த்திகையில மழைத்தண்ணி வந்து முட்டி அந்தத் திட்ட ஒடைச்சிட்டா, உள்ள என்ன ஆழம்னு பாத்துச் சொல்ல முடியாது. நேத்து முழங்கால் அளவு இருந்த எடத்துல இன்னைக்கு ஆள் முங்கும், மண்ணு ஓடிக்கிட்டே இருக்குல்லா. கடல் வத்துற நேரத்துல ஆத்துத் தண்ணி வெளிய இழுக்கும், அப்ப எறங்கவே கூடாது.

தம்பி: லேசான...

ஆச்சி: அந்தப் போன இங்க குடுங்க. ஆத்துக்கிட்ட காட்டிட்டு வாரேன்.

தம்பி: இல்ல, நான் பஸ்ஸுலயே போயிருதேன்.

ஆச்சி: ரோட்டுக்கு ஏறுங்க, பாலம் இருக்கு. நடந்தாலும் சரி, பஸ்ஸுல போனாலும் சரி. ஒண்ணு கேக்கேன் ராசா. கோடு போட்டவன் கோயில் குறிச்சிருக்கான், லைட் ஹவுஸ் குறிச்சிருக்கான், போட்டோ புடிக்கிற எடம் வரைக்கும் குறிச்சிருக்கான். இங்கன இத்தன பேரு குந்தி வேலை செய்தோமே, ஒரு புள்ளி எங்களுக்கு வச்சிருக்கானா?

தம்பி: (போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறார்) ...‘திறந்தவெளி’ன்னு போட்டிருக்கு, ஆச்சி.

ஆச்சி: தொறந்தவெளி! வாசல் தெளிக்காதது என் தப்புத்தான்.

தம்பி: மன்னிச்சிருங்க ஆச்சி. நான் மிதிச்ச நெத்திலிய நானே வாங்கிக்கிடுதேன். அரைக் கிலோ எவ்வளவு?

ஆச்சி: இருநூத்தம்பது.

தம்பி: மண்ணா இருக்கே ஆச்சி, இருநூறுக்குக் குடுங்களேன்.

ஆச்சி: மண்ணு உங்க சூவுல இருந்து வந்தது. அதுக்கு நான் காசு சேக்கல.