லிஷ்டன்பெர்கின் சிட்டையைப் பொன்மொழி ஆக்காதீர்கள்

'அஃபோரிஸ்மோஸ்' என்றால் கிரேக்கத்தில் எல்லை போட்டுப் பிரிப்பது, வரையறுப்பது. பண்டைக் கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவக் குறிப்புத் தொகுப்பின் தலைப்பு அது. பிரெஞ்சில் அஃபோரிஸ்ம், ஜெர்மனில் அஃபோரிஸ்முஸ், ஸ்பானிஷில் அஃபோரிஸ்மோ, ஹங்கேரியனில் அஃபோரிஸ்மா, ஃபின்னிஷில்கூட அஃபோரிஸ்மி. மொழிக்கு மொழி வால் மட்டும்தான் மாறுகிறது.

ஆனால் ஓரிரு வரியில் ஒரு சிந்தனையைச் சொல்லி முடிக்கும் இந்த வடிவத்தில் பேர் வாங்கிய சிலர் தங்கள் எழுத்துக்கு வேறு பெயர் வைத்தார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் லா ரோஷ்ஃபூக்கோ 'மாக்ஸிம்', அதாவது நெறிமொழி, என்றார். 1665-இல் புத்தகமாக வந்த பிறகும் 1678-இன் ஐந்தாம் பதிப்பு வரை திருத்திக்கொண்டே இருந்தார். போலந்து எழுத்தாளர் லெட்ஸ் 1957-இல் வைத்த பெயர் 'தலைவாராத சிந்தனைகள்'.

எனக்கு மிகவும் பிடித்தவர் லிஷ்டன்பெர்க். ஜெர்மனியின் கோட்டிங்கனில் இயற்பியல் பேராசிரியர். 1765 முதல் 1799-இல் இறக்கும்வரை நோட்டுகளில் எழுதிக் குவித்தார். படித்தது, கண்ட கனவு, ஆய்வு யோசனை, கோபம், பாதியில் நின்ற வாக்கியம், எல்லாம் அதில் உண்டு. இங்கிலாந்து வியாபாரிகள் அன்றாட வரவுசெலவை முதலில் ஒரு சிட்டையில் கிறுக்கி, பிறகு ஒழுங்குபடுத்திப் பேரேட்டில் ஏற்றுவார்கள். அறிஞனுக்கும் அப்படி ஒரு சிட்டை வேண்டும் என்று அவரே எழுதியிருக்கிறார். 'ஸூடெல்பூஹ்' என்றார், கிறுக்கல் நோட்டு. அவர் செத்து நூறு வருஷம் கழித்து, 1902 முதல் லைட்ஸ்மன் என்ற ஜெர்மன் அறிஞர் அந்த நோட்டுகளைப் பதிப்பித்தபோது அட்டையில் ஏறிய பெயர் 'அஃபோரிஸ்மன்', அஃபோரிஸ்முஸின் பன்மை.

அந்த உழைப்பு இல்லாவிட்டால் நமக்கு லிஷ்டன்பெர்க் இவ்வளவு கிடைத்திருக்க மாட்டார். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் அந்தப் பெயரோடு எனக்கு உடன்பாடில்லை. தனக்குத்தானே கேட்டுக்கொண்ட கேள்வியை அது ஊருக்குச் சொன்ன தீர்ப்பாக மாற்றிவிடுகிறது. தமிழில் நாமும் எல்லாவற்றையும் 'பொன்மொழிகள்' என்று ஒரே பெட்டியில் போட்டு, பூப்படத்தின் மேல் ஒட்டிப் பகிர்கிறோம்.

ஹிப்போகிரட்டீஸுக்கும் இதே கதிதான். 'வாழ்க்கை குறுகியது, கலை நெடியது' என்பதை ஓவியர்களும் கவிஞர்களும் எடுத்துக்கொண்டார்கள். அங்கே கலை என்பது வைத்தியத் தொழில். வாய்ப்பு நழுவும், அனுபவம் ஏமாற்றும், முடிவெடுப்பது கடினம் என்று தொடர்கிறது அந்த வரி. வைத்தியர் தன் கடமையைச் செய்தால் மட்டும் போதாது, நோயாளியும் பக்கத்தில் இருப்பவர்களும் ஒத்துழைக்கும்படி செய்ய வேண்டும் என்றும் அடுத்த வாக்கியம் சொல்கிறது. நோயாளியின் கட்டிலருகே நிற்பவனுக்காக எழுதியது அது!

லிஷ்டன்பெர்கை மொழிபெயர்க்கும் நண்பர்களே, அழகான வரிகளை மட்டும் பொறுக்காதீர்கள். முன்னும் பின்னும் உள்ள கிறுக்கல்களையும், பாதியில் நின்றவற்றையும் சேர்த்தே போடுங்கள். அட்டையில் 'சிட்டை' என்றே அச்சிடுங்கள்.