வெனிஸில் தரை எங்கே?

தண்ணீர் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். அதைச் சொல்லிவிட்டுத்தான் வெனிஸுக்குக் கிளம்பினேன். "அங்கே எங்கு பார்த்தாலும் பாலம், நடந்தே சுற்றலாம்" என்றார்கள். சரி, 400க்கு மேல் பாலங்கள் இருக்கின்றன. ஆனால் ஊருக்கு நடுவே ஓடும் பெரிய கால்வாயான கிராண்ட் கால்வாயைக் கடக்க? கிட்டத்தட்ட 3.8 கி.மீ. நீளத்துக்கு வெறும் 4 பாலம்! ரியால்டோ பாலத்தை விட்டால் அக்காதெமியா பாலம் வரை நடக்க வேண்டும். அவ்வளவு பொறுமையில்லாதவர்கள் படகில் நின்றபடியே கடக்கிறார்கள். நின்றபடி! கரையில் நின்று பார்த்த எனக்கு முழங்கால் நடுங்கியது.

சந்துகளாவது நிம்மதியா? திரும்பினால் திடீரென்று தெரு முடிந்து படிக்கட்டு, படிக்கட்டு முடிந்து நேராகத் தண்ணீர். கால்வாயோரப் பாதைகள் பலவற்றில் ஒரு தடுப்புக் கம்பிகூடக் கிடையாது. எதிரே பெட்டியை இழுத்துக்கொண்டு ஒரு கூட்டம் வந்தால் நான் எந்தப் பக்கம் ஒதுங்குவது? பேருந்துக்குப் பதில் படகு, ஆம்புலன்ஸும் படகு, குப்பை அள்ளுவதும் படகு. பக்கத்துத் தீவான முரானோவுக்குப் போகவும் படகை விட்டால் வேறு வழியே இல்லை. படகுத்துறையும் மிதவைதான், ஏறுவதற்கு முன்பே ஆடுகிறது.

இதற்கு நடுவே, "ஒரு தடவை கோண்டோலா படகில் ஏறிப் பார், பயம் போய்விடும்" என்று ஆளாளுக்கு. போகாது! எத்தனை முறை சொல்வது? வேண்டாம் என்றால் விட்டுவிட மாட்டீர்களா?