டவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை

மூணாறு, தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டுகளில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எந்தக் கூட்டம் நடந்தாலும், பேச்சு கடைசியில் செல்போன் டவரில்தான் வந்து நிற்கும். டவர் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண்சரிந்து 70 பேர் மாண்டபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் அந்தச் செய்தி வெளியுலகுக்குத் தெரியவே மறுநாள் காலை ஆயிற்று. அதைக் கண்ட பிறகு இந்த மலையில் தொலைத்தொடர்பு ஓர் ஆடம்பரம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஆபத்தில் குரல் கொடுக்க வேண்டிய வசதி வேறு, படிக்க வேண்டியதைப் பிள்ளைகளின் கையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேறு. இரண்டையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டுக்கும் ஒரே பதிலுக்காக ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 2020 ஜூன் 1-ஆம் தேதி கேரள அரசு விக்டர்ஸ் தொலைக்காட்சியில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகளைத் தொடங்கியது. நாட்டிலேயே முன்மாதிரியான முயற்சி அது. பாராட்டில் குறை வைக்கக் கூடாது. ஆனால் தொலைக்காட்சியில் ஓடியவை மலையாள வகுப்புகள். தமிழ்வழிப் பிள்ளைகளுக்கான பாடங்கள் பெரும்பாலும் யூடியூப் வழியாகவே கிடைத்தன. அதாவது, சிக்னல் மிகக் குறைவாக உள்ள லயங்களில், அதாவது எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், வாழும் பிள்ளைகளுக்குத்தான் சிக்னல் இருந்தால் மட்டுமே கிடைக்கும் பாடம் வாய்த்தது. மலைக்கு அந்தப் பக்கம், போடிக்கும் தேனிக்கும், தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி 2019 முதலே இருந்தது. டிஷ் வைத்திருந்தவர்கள் அதையும் போட்டுப் பார்த்தார்கள். மொழி புரிந்தது, ஆனால் பாடத்திட்டம் வேறு. மொழி ஓரிடத்திலும் பாடப்புத்தகம் இன்னோரிடத்திலுமாக எங்கள் பிள்ளைகள் இரண்டுங்கெட்ட நிலையில் நின்றார்கள். சாலை வளைவுகளில் குடையைப் பிடித்துக்கொண்டு, போனை உயர்த்திக்கொண்டு, நோட்டைத் தொடையில் வைத்து எழுதிய பிள்ளைகளின் படங்கள் அப்போது பத்திரிகைகளில் வந்தன. பார்த்தவர்கள் பலரும் பிள்ளைகளின் உழைப்பை மெச்சினார்கள். எனக்கு அந்த மெச்சுதலில் உடன்பாடில்லை. மழையில் நின்றுதான் கணக்குப் படிக்க வேண்டும் என்பதில் மெச்ச என்ன இருக்கிறது?

டவர் ஏன் எளிதில் வருவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியைச் சுற்றிய இந்த மடிப்புகளில் ஒரு டவரின் அலை அடுத்த மேட்டில் முட்டி நின்றுவிடும்; பத்து வீட்டு லயத்துக்காகத் தனி டவர் போட எந்தக் கம்பெனிக்கும் கணக்குக் கட்டாது. இணையம் அடிப்படை உரிமை என்று அறிவித்த மாநிலம் இது. 2023 ஜூனில் கே-ஃபோன் என்ற அரசின் சொந்தக் கண்ணாடியிழை வலையமைப்பும் தொடங்கப்பட்டது. வரட்டும். ஆனால் காட்டுக்குள்ளும் எஸ்டேட்டுக்குள்ளும் கம்பி போக அனுமதி, கம்பம், பராமரிப்பு என்று எத்தனையோ படிகள் இருக்கின்றன. அதற்குள் ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை பத்தாம் வகுப்பை முடித்துவிடும்.

இதற்கிடையில் செய்யக் கூடியது ஒன்று உண்டு. அது புதியதும் அல்ல. ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி 2012-இலேயே வந்துவிட்டது. அதில் ஒரு மெமரி கார்டைச் செருகி, கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும், ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை, ஏற்றி வைக்கலாம். கேரளப் பாடத்திட்டத்தின் தமிழ்வழிப் புத்தகங்களின் பிடிஎஃப், பாட வீடியோக்கள், தமிழ் இலக்கியங்களை இணையத்தில் இலவசமாகத் தர 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். பெட்டி தானே ஒரு வைஃபையை உண்டாக்கும். அந்த அறையில் இருப்பவர்கள் சாதாரண போனில் அதனோடு இணைந்தால், இணையம் இல்லாமலேயே பக்கங்கள் திறக்கும். ரீசார்ஜ் வேண்டாம். ஜூன், ஜூலையில் நாள்கணக்கில் கரண்ட் போகும்போதும் ஒரு பவர் பேங்க் அதைச் சில மணி நேரம் ஓட்டும். புதிய பாடங்களை ஏற்ற, மாதத்தில் ஒரு முறை யாராவது கார்டை மூணாறு டவுனுக்குக் கொண்டுபோய் வந்தால் போதும்.

எங்கள் டிவிஷனில் நண்பர்கள் சிலர் சேர்ந்து வாசகசாலையில் அப்படி ஒரு பெட்டியை வைத்திருக்கிறோம். பிள்ளைகள் முதலில் தேடியது பாடத்தை அல்ல. கால்பந்து வீரர்களையும் யானையையும் தேடினார்கள். தேடட்டும். நான் எதிர்பாராதது பெரியவர்களின் ஆர்வம். வேலையிலிருந்து ஓய்வுபெறும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி என்ற பணிக்கொடையைப் பற்றி ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தமிழில் பேசிப் பதிவு செய்த சிறு ஒலிக்கோப்பு அதில் இருக்கிறது. கொழுந்து கிள்ளிவிட்டு வந்த அக்கா ஒருவர், அடுத்த ஆண்டு பென்ஷனில் இறங்கப் போகிறவர், போனைக் காதோடு ஒட்டி வைத்து அதை இரண்டு முறை கேட்டார். கடைசியாக வாங்கும் ஒரு நாள் கூலியைப் பதினைந்தால் பெருக்கி, வேலை செய்த ஆண்டுகளாலும் பெருக்க வேண்டும் என்ற கணக்கைப் பேரனை விட்டுத் தம் சம்பளச் சீட்டின் பின்பக்கத்திலேயே போடச் செய்தார். “இவ்வளவுதானா சார் கணக்கு? இதுக்கா நான் ஆபீஸ் வாசல்ல நிக்கணும்?” என்று கேட்டார். 1972-ஆம் ஆண்டின் கிராஜுவிட்டிச் சட்டத்திலேயே இடம்பெற்ற இந்த ஒரு வரி, அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறவர்களுக்கு ஆயிரம் கட்டுரைகளைவிட நன்றாகப் பேசப்பட்ட ஐந்து நிமிட ஒலி உதவுகிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். தேவிகுளம் வானொலி நிலையத்தின் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு இங்குள்ள பெரியவர்கள் காது கொடுப்பதும் இதனால்தான்.

ஆனால் பெட்டியை வைத்தவுடன் எல்லாம் கூடிவந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். தமிழ் விக்கிப்பீடியாவில் நான்கு வரியோடு முடிந்துவிடும் கட்டுரைகள் ஏராளம். ஏலக்காய்ச் செடிக்கு வரும் நோயைப் பற்றியோ, கேரள அரசு வேலைக்கான பிஎஸ்சி (பணியாளர் தேர்வாணைய) தேர்வைப் பற்றியோ, தமிழில் உருப்படியாக ஒன்று தேடினால் கை வெறுமையாகத்தான் திரும்பும். வெளியிலிருந்து வரும் நல்ல மனிதர்கள் ஆங்கில வீடியோக்களால் நிரம்பிய டேப்லெட்டுகளைத் தந்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவற்றில் சில பள்ளிப் பீரோவுக்குள் பூட்டப்பட்டு, மலையின் ஈரத்தில் பேட்டரி உப்பிக் கிடக்கின்றன. தொலைந்தால் யார் பொறுப்பு என்ற பயத்தில் பூட்டி வைக்கும் தலைமையாசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொருளைக் கொடுத்தவர்கள், அதைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை என்பதே அங்குள்ள கோளாறு.

அந்த ஆள்தான் முக்கியம். 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தான இடமலைக்குடியில், முதுவான் பழங்குடியினரின் குடியிருப்பு ஒன்றின் டீக்கடைக்குள் ஏறத்தாழ 160 புத்தகங்களோடு இயங்கிவந்த நூலகத்தைப் பற்றிப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014-இல் எழுதியிருந்தார். காட்டுவழியே நடந்து போக வேண்டிய அந்த இடத்தில், யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப்போனார் என்பதற்குப் பதிவேடு இருந்தது. டீயும் ஆற்றிக் கொடுத்து, புத்தகத்தையும் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி வைக்க ஒருவர் இருந்ததால் அது நூலகமாயிற்று. அதே புத்தகங்களைப் பூட்டிய அறையில் வைத்திருந்தால் கரையான்தான் படித்திருக்கும்.

கேரளத்துக்கு இது தெரியாத பாடமும் அல்ல. பி. என். பணிக்கர் 1945-இல் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம், பின்னால் மாநிலம் முழுவதும் பரவி, 1975-இல் எழுத்தறிவுப் பணிக்கான யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருதைப் பெற்றது. அந்த மரபில் வந்த நூலகங்கள் எங்கள் தாலுக்காக்களிலும் இருக்கின்றன. அலமாரிகளில் தமிழ்ப் புத்தகம் குறைவு என்பது தனிக் குறை. கட்டடமும் சாவியும் ஏற்கெனவே உள்ள இந்த இடங்களில் ஒரு பெட்டியை வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவைவிடக் குறைவு.

ஆகவே அடுத்த கிராம சபைக்கு வருகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: டவர் மனுவில் கையெழுத்துப் போடுங்கள், நானும் போடுகிறேன். அதோடு இன்னொரு தாளில், தமிழ்வழி வகுப்பு வீடியோக்கள் அனைத்தையும் இணையம் இல்லாமல் ஓட்டக் கூடிய கோப்புகளாகக் கல்வித்துறை ஒவ்வொரு பள்ளிக்கும் நூலகத்துக்கும் தர வேண்டும் என்றும், மாலை ஐந்து முதல் எட்டு வரை வாசகசாலையைத் திறந்து வைக்கும் ஒருவருக்குப் பஞ்சாயத்துத் திட்ட நிதியிலிருந்து மாதச் சம்பளம் ஒதுக்க வேண்டும் என்றும் எழுதுவோம். பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் பெண்கள் ஒவ்வொரு லயத்திலும் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு ஆள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.