முதலில் டஞ்சன், பிறகு ஊர், கடைசியில்தான் கண்டம்

கதாபாத்திரமாக மாறி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்த வரும் புது டஞ்சன் மாஸ்டர்கள் (கதையை நடத்திச் செல்பவர்கள்) பலரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கண்டத்தின் வரைபடம் தயார், மூவாயிரம் வருட வரலாறு தயார், பன்னிரண்டு தெய்வங்களும் தயார். முதல் நாள் ஆட்டத்தில் ஒருவர் "பக்கத்து ஊருக்கு நடந்து போனால் எத்தனை நாள்?" என்று கேட்டால் பதில் இல்லை. புத்தகங்களோடு வருகிற டீஃபால்ட் உலகங்கள் எல்லாம் மேலிருந்து கீழே இப்படித்தான் கட்டப்பட்டன என்று நம்பிவிடுகிறார்கள். அவற்றில் முக்கியமான கிரேஹாக் உலகம் பிறந்த விதம் நேர் எதிர்.

1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் வெளியிட்ட முதல் பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள் இருந்தன. உலகம் என்று எதுவும் இல்லை. காட்டுவெளிப் பயணத்துக்கு என்ன செய்வது? அவலான் ஹில் நிறுவனத்தின் 'அவுட்டோர் சர்வைவல்' என்ற வேறொரு போர்டு கேமின் பலகையை எடுத்துக்கொள்ளச் சொன்னது மூன்றாவது புத்தகம். காட்டில் வழிதவறியவர்கள் பசி தாகத்தோடு போராடும் ஆட்டம் அது. அந்தப் பலகையில் குளம் இருந்தால் கோட்டை, கட்டடம் இருந்தால் ஊர். ஒரு ஹெக்ஸ் (அறுகோணக் கட்டம்) 5 மைல். கால்நடையாகப் போனால் ஒரு நாளைக்கு 3 ஹெக்ஸ். இவ்வளவுதான் அன்றைய "டீஃபால்ட் செட்டிங்".

ஆனாலும் விதிகளுக்குள்ளேயே ஓர் உலகம் ஒளிந்திருந்தது. மீட்டு வரும் ஒரு பொற்காசுக்கு, கதாபாத்திரத்தின் நிலையை உயர்த்தும் ஓர் அனுபவப் புள்ளி என்றால், நிலத்துக்கடியில் எவனோ விட்டுப்போன புதையல் மலைமலையாய்க் கிடக்க வேண்டும். அவ்வளவு தங்கம் மேலே வந்தால் ஊரில் விலைவாசி என்ன ஆகும்? 1978ஆம் ஆண்டு விதிப்புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது: தங்க வேட்டைக் காலத்து அலாஸ்கா ஊர்களை நினைத்துக்கொள்ளுங்கள், அங்கே ஒரு முட்டை ஒரு டாலருக்கு விற்றது. ஆயுத விலைப்பட்டியல் ஏன் அவ்வளவு கொழுத்திருக்கிறது என்பது இதைப் படித்தால் புரியும். அதேபோல, 9ஆம் நிலையை எட்டும் வீரன் கோட்டை கட்டிப் பிரபு ஆகலாம் என்கிறது விதி. அப்படியானால் ஆளில்லாத, அரசன் கை எட்டாத நிலம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எல்லைக்கோடுகள் நெருக்கமாக நிரம்பிய வரைபடத்தில் இந்த விதிக்கு வேலையே இல்லை.

கிரேஹாக் இந்த வரிசையில்தான் வளர்ந்தது. மினியாபொலிஸ், செயின்ட் பால் பகுதியில் 1971 முதல் பிளாக்மூர் என்ற ஆட்டத்தை நடத்திவந்த ஆர்னிசன், 1972 இறுதியில் அதை விஸ்கான்சினின் லேக் ஜெனீவாவுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். ஆடிப் பார்த்த கைகாக்ஸ் முதலில் செய்தது ஒரு பாழடைந்த கோட்டையும் அதன் கீழே டஞ்சனும் (ஆபத்தும் புதையலும் நிறைந்த நிலவறைகள்). கொள்ளையடித்ததை விற்க இடம் வேண்டும் என்றானபோது கிரேஹாக் நகரம் வந்தது. நகரத்துக்கு வெளியே? வட அமெரிக்க வரைபடம். சிகாகோ இருக்கும் இடத்தில் கிரேஹாக், மில்வாக்கி இருக்கும் இடத்தில் டைவர்ஸ் என்ற இன்னொரு நகரம். ஆட்டம் தடங்கல் இல்லாமல் ஓட இது தாராளமாகப் போதும்.

1980இல் இதை ஃபோலியோவாக (வரைபடத்தோடு வரும் சிறு புத்தகமாக) அச்சிட வேண்டிவந்தபோதுதான் உண்மையான வரைபடம் தேவைப்பட்டது. அச்சகத்தில் ஓடக்கூடிய மிகப்பெரிய தாள் எவ்வளவு என்று கைகாக்ஸ் கேட்டார். 34க்கு 22 அங்குலம். வேண்டிய அளவுகோலில் வரைந்தால் இரண்டு தாளில் ஓரிக் கண்டத்தின் வடகிழக்கு மூலை மட்டும்தான் அடங்கியது. அந்த மூலைதான் ஃபிளானஸ். மேற்கே என்ன என்பதற்கு ஆழமான புராணக் காரணம் தேடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்: தாள் முடிந்தது, உலகம் நின்றது. டார்லீன் என்ற ஓவியர் அதை அந்த அழகான வண்ண ஹெக்ஸ் வரைபடமாக்கினார்.

பெயர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களிடமிருந்து வந்தவைதான். மந்திரவாதி டென்சர் என்பது கைகாக்ஸின் மகன் எர்னஸ்டின் பெயரில் எழுத்துகளை மாற்றி அடுக்கியது. இன்னொரு மந்திரவாதி டிராமிஜ் என்பதன் ஆங்கில எழுத்துகளைப் பின்னாலிருந்து படித்தால் ஜிம் வார்டு வரும்.

அடுத்து வந்த ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற உலகத்தின் கதை வேறு. கனடாவின் எட் கிரீன்வுட் சிறுவயதிலிருந்தே கதைகளாக எழுதிவந்த உலகம் அது. 1985இல் கைகாக்ஸ், ஆட்டத்தை வெளியிட்டுவந்த டிஎஸ்ஆர் நிறுவனத்தில் பிடியை இழந்தார். 1987இல் ரெல்ம்ஸ் பெட்டி கடைக்கு வந்தது. பரந்த உலகம், நல்ல உலகம். ஆனால் நிறுவனத்தின் முதன்மை உலகம் ஆனதும் எல்லாவற்றையும் அதன் தலையில் ஏற்றினார்கள். அதற்கு முன்பே வெளிவந்திருந்த, கிழக்காசியச் சாயல் கொண்ட காரா-டூர் நிலம் கிழக்கே ஒட்டப்பட்டது, பிளட்ஸ்டோன் சாகசங்கள் வடக்கே செருகப்பட்டன. இதைவிட மோசம், விதி மாறும்போதெல்லாம் உலகம் அடிவாங்கியது. 1989இன் இரண்டாம் பதிப்பில் அசாசின் (கூலிக் கொலையாளி) என்ற கதாபாத்திர வகை நீக்கப்பட்டது. ரெல்ம்ஸில் அசாசின்கள் கூண்டோடு செத்தார்கள். 2008இன் நான்காம் பதிப்பில் மந்திர விதிகள் மாறின. மந்திர தேவதை மிஸ்ட்ரா கொல்லப்பட்டு, ஸ்பெல்பிளேக் என்ற மந்திரப் பேரழிவு வந்து, காலம் ஒரு நூற்றாண்டு தாண்டியது. பல வருடமாக அங்கே ஆடிவந்தவர்களின் ஊர்கள் ஒரே புத்தகத்தில் பழங்கதை ஆயின. இது ஆட்டக்காரர்களுக்குச் செய்த அநியாயம் என்றே நினைக்கிறேன். விதி மாறினால் விதியை மட்டும் மாற்றியிருக்கலாம்.

உலகத்தை முதலில் படைத்து ஜெயித்தவர்களும் உண்டு. 1975இல் வந்த எம்.ஏ.ஆர். பார்க்கரின் டெகுமெல் அப்படி. தெற்காசிய மொழிகள் கற்பித்த பேராசிரியர் அவர்; உலகத்துக்கென்று தனி மொழியும் எழுத்துமே செய்துவைத்திருந்தார். அவ்வளவு அந்நியமான இடத்தில் புதியவர் எப்படி ஆடுவது? அவர் கண்ட வழி அபாரமானது: எல்லாக் கதாபாத்திரங்களும் இப்போதுதான் கப்பலிலிருந்து இறங்கிய வெளிநாட்டுக்காரர்கள், ஜகாலா துறைமுகத்தில் அந்நியர் குடியிருப்பில் தங்கவைக்கப்பட்டவர்கள். ஆடுபவருக்குத் தெரியாதது கதாபாத்திரத்துக்கும் தெரியாது. கையில் பெரிய உலகம் இருந்தே தீர வேண்டும் என்பவர்கள் இந்த ஒன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்கள் ஹெக்ஸ் அளவை முதலில் முடிவு செய்யுங்கள். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். கிரேஹாக் ஃபோலியோவில் ஒரு ஹெக்ஸ் 30 மைல். அதற்குள் 5 மைல் ஹெக்ஸ் 36 அடங்கும். அந்தப் பெரிய வரைபடத்தை வைத்து நேரடியாக ஆடினால் ஒரு நாள் பயணம் ஒரே கட்டத்தில் முடிந்துவிடும். காடு, ஆறு, பாழடைந்த கோபுரம் எதற்கும் இடமிருக்காது. 1981ஆம் ஆண்டின் 'ஐல் ஆஃப் டிரெட்' என்ற சாகசப் புத்தகம் இரண்டு அளவு வைத்தது: ஆடும் தீவுக்கு 6 மைல், கண்டத்துக்கு 24 மைல். 6 மைல் தாளை முதலில் நிரப்புங்கள். நடுவில் ஓர் ஊர், ஒரு நாள் நடையில் மூன்று தளம் கொண்ட ஒரு டஞ்சன், ஊர்க்காரர்கள் கும்பிடும் இரண்டு மூன்று தெய்வங்கள். பத்து ஆட்டத்துக்கு இது தாங்கும்.

அதற்கு அப்பால் இருக்கும் நாடுகளுக்கு ஃபோலியோவின் பாணியே போதும்: ஆள்பவர், தலைநகர், மக்கள்தொகை, மனிதரல்லாத இனங்கள், விளைபொருள், கீழே ஒன்றிரண்டு பத்தி. 2024இன் டஞ்சன் மாஸ்டர்ஸ் கைடு மாதிரி உலகமாகத் திரும்ப எடுத்துக்கொண்டது இதே கிரேஹாக்கைத்தான், அந்த உலகக் கணக்கில் ஃபோலியோ தொடங்கிய அதே 576ஆம் ஆண்டில்.